அழுதுகொண்டே எழும் குழந்தைக்குத் தூக்கம் இன்னும் பாக்கி

தூங்கி எழுந்ததும் குழந்தை அழுதால் நமக்கு முதலில் தோன்றுவது பசி, அடுத்தது வயிற்றுவலி. இரண்டும் இருக்கலாம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஒரு குழந்தை பகலில் அரை மணியோ முக்கால் மணியோ தூங்கிவிட்டு, கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்து அழ ஆரம்பிக்கிறது, தினமும் இதே கதை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது தூக்கத்தையேதான். தூக்கம் முடியவில்லை. நடுவில் கலைந்துவிட்டது, திரும்பப் போகத் தெரியவில்லை, அழுகிறது. போதுமான அளவு தூங்கிய குழந்தை பெரும்பாலும் அப்படி எழுவதில்லை. கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், 'ங்கா' என்று ஏதாவது பேசிப் பார்க்கும், அப்புறம்தான் ஆள் வேண்டும் என்று கூப்பிடும்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும். அழுது எழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்துவது பாதி வேலை. மீதிப் பாதி அது தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. முதலில், அழுகைச் சத்தம் கேட்ட அந்த நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்க வேண்டாம்

ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். எட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள், ஆனால் உங்கள் முகம் அதற்குத் தெரிய வேண்டாம். ஏனென்றால் குழந்தை விழித்துவிட்டதா என்பதே இன்னும் உறுதியில்லை.

பிறந்த குழந்தைகளின் தூக்கத்தில் ஏறத்தாழ பாதி, 'ஆக்டிவ் ஸ்லீப்' என்று மருத்துவர்கள் சொல்லும் வகை. நமக்கெல்லாம் கனவு வரும் ரெம் உறக்கத்தின் குழந்தைப் பருவ வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். மூடிய இமைக்குள் விழி உருளும், மூச்சு வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வரும், உதடு சப்புக்கொட்டும், முகம் கோணும், கை கால் வெட்டும், முனகும், நெளியும், சில நேரம் இரண்டு மூன்று தடவை அழக்கூடச் செய்யும். எல்லாமே தூக்கத்தில். ரெம் உறக்கத்தைப் பற்றி 1953-இல் முதன்முதலில் எழுதிய யூஜின் ஆசெரின்ஸ்கி, பெரியவர்களிடம் வருவதற்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது தூங்கும் குழந்தைகளின் இமைகளைத்தான். அவ்வளவு அசைவு அங்கே நடக்கிறது.

இந்த நேரத்தில் 'ஐயோ எழுந்துவிட்டதே' என்று தூக்கினால் நாமே எழுப்பிவிட்டவர்களாகிறோம். பாதித் தூக்கத்தில் தூக்கப்பட்ட குழந்தை நிஜமாகவே அழும், அதைப் பார்த்து நாம் 'பார், அழுதுகொண்டேதான் எழுகிறது' என்போம். அதனால் காதைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ள வேண்டும். கண் மூடியிருக்கிறது, அழுகை விட்டு விட்டு வருகிறது, நடுவில் முழு அமைதி இருக்கிறது என்றால் தள்ளியே நில்லுங்கள். கண் திறந்து சுற்றும்முற்றும் பார்க்கிறது, ஒவ்வொரு அழுகையும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே போய்விடுங்கள்.

ஒரு நிமிடம் என்று நான் சொல்வதை அழவிட்டுப் பழக்கும் முறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சில வாரக் குழந்தையை அழவிட்டுப் பார்ப்பதில் எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. இது விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் நேரம், அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு

விளக்கைப் போடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கட்டிலுக்கு மேலே குனிந்து ஒரு உள்ளங்கையை மார்பின் மேல் வையுங்கள், அழுத்தாமல், ஆனால் கையின் கனம் தெரிகிற மாதிரி. அந்தரத்தில் துழாவிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளையும் மற்றொரு கையால் சேர்த்து மார்போடு வையுங்கள். கை கட்டுக்குள் வந்ததும் பல குழந்தைகளின் அழுகை ஒரு படி இறங்கும், அந்த இடத்தைக் கவனியுங்கள். அப்போது 'ஷ்ஷ்' என்று நீளமாக, அதன் அழுகையைவிடக் கொஞ்சம் சின்னச் சத்தத்தில் தொடருங்கள். அது அடங்க அடங்க உங்கள் சத்தமும் இறங்க வேண்டும். தட்டுவதாக இருந்தால் இடுப்புக்குப் பக்கத்தில், மெதுவாக, ஒரே தாளத்தில். தாளம் மாறினால் அதுவே எழுப்பிவிடும்.

ஓரிரு நிமிடத்தில் அடங்கவில்லை, அழுகை ஏறுகிறது என்றால் தூக்கிவிடுங்கள். தூக்கினால் கெட்ட பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால், இந்த வயதில் அப்படி எதுவும் ஆகிவிடாது என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். தோளில் போட்டுக்கொண்டு நடப்பது எதற்கு உதவுகிறது என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர் 2022-இல் வெளியிட்டது. 21 குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனால் அதில் கிடைத்த முறை வீட்டில் செய்து பார்க்கச் சுலபமானது: அழும் குழந்தையை மார்போடு அணைத்து, நிற்காமல், திடீர்த் திருப்பங்கள் இல்லாமல், 5 நிமிடம் நடக்க வேண்டும், தூங்கிவிட்டால் உடனே படுக்க வைக்காமல், வைத்துக்கொண்டே 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் படுக்கை.

இந்த உட்காரும் பகுதியைத்தான் நாம் எல்லாரும் விட்டுவிடுகிறோம். கண் மூடியதும் இறக்கிவிடத் தோன்றும், கை வலி அப்படி. அந்த ஆய்வில் தெரியவந்த இன்னொரு விஷயம், குழந்தையின் இதயத்துடிப்பு மாறுவது படுக்கையில் முதுகு படும்போது அல்ல, நம் உடம்பிலிருந்து அதன் உடம்பு பிரியத் தொடங்கும்போது என்பது. எனவே படுக்க வைக்கும்போது நம் மார்பு அதன் மார்பை விட்டு விலகாமல் நாமும் கூடவே குனிந்து, இடுப்பு, முதுகு, தலை என்று கீழே சேர்த்துவிட்டு, அப்படியே ஒரு கணம் இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாம் நிமிர வேண்டும். கடைசியாக எடுக்க வேண்டியது தலைக்கு அடியில் இருக்கும் கை. முதுகு பிடித்துக்கொள்ளும், வேறு வழியில்லை.

எவ்வளவு நேரம் முயற்சி செய்வது? பத்து, பதினைந்து நிமிடம். அதற்கு மேல் இருட்டறையில் குழந்தையோடு மல்லுக்கட்டுவதில் யாருக்கும் லாபமில்லை. தூங்காது என்று தெரிந்தால் தூக்கி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். போன தூக்கம் போகட்டும், அடுத்த தூக்கத்தைக் கொஞ்சம் சீக்கிரமாக வைத்தால் சரியாகிவிடும். திரும்பத் தூங்கவைக்கும் முயற்சியையும் நாளின் முதல் தூக்கத்துக்கோ இரண்டாவது தூக்கத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள், அவைதான் நீள வாய்ப்புள்ளவை. மாலையில் வரும் கடைசிக் குட்டித் தூக்கம் அரை மணியில் முடிந்தால் அதுவே போதும்.

இனி எழுந்தாயிற்று, இன்னும் அழுகிறது. பெரியவர்களுக்கே ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் கொஞ்ச நேரம் எதுவும் புரியாது, யார் பேசினாலும் எரிச்சலாக வரும். குழந்தைக்கும் அதே மந்தம், சொல்லத் தெரியாததால் அழுகை. அந்த நேரத்தில் நேராகக் கொண்டுபோய் வெளிச்சத்தில் படுக்க வைத்து டயப்பரைக் கழற்றினால் கேட்கவே வேண்டாம். மலம் கழித்திருந்தாலோ நிரம்பி வழிந்தாலோ ஒழிய டயப்பர் பத்து நிமிடம் காத்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கள், ஜன்னல் பக்கம் மெதுவாகப் போங்கள், பேச்சும் விளையாட்டும் பிறகு.

அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் முகத்தைப் பாருங்கள். எனக்கு இதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் பயன்பட்ட அடையாளம். தெளிந்து, சிரித்து, பொம்மையைப் பார்த்தால் தூக்கம் போதுமான அளவு ஆகிவிட்டது, அழுகை வெறும் தூக்கக் கலக்கம், அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, எதைக் காட்டினாலும் சிணுங்கினால் தூக்கம் பாதியில் நின்றிருக்கிறது. இருபது நிமிடம் தூங்கினாலும் தெளிவாக எழும் குழந்தைகள் இருக்கிறார்கள், ஒன்றேகால் மணி தூங்கியும் போதாமல் எழுபவர்களும் இருக்கிறார்கள். கடிகாரத்தைவிட முகம் நம்பகமானது.

எத்தனை நிமிடத்தில் எழுகிறது என்பதும் ஒரு துப்பு

தூங்கிய 10, 20 நிமிடத்துக்குள்ளேயே அழுது எழுந்தால், அது சரியாகத் தூங்கவே இல்லை. முதல் மூன்று மாதக் குழந்தைகள் கண் மூடியதும் நேராக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதில்லை, முதலில் அந்த ஆக்டிவ் ஸ்லீப், பிறகுதான் ஆழம். அந்த முதல் கட்டத்தில் படுக்கையில் போட்டால் விழித்துக்கொள்ளும். கை தொங்குகிறதா என்று பாருங்கள்: கையைத் தூக்கிவிட்டால் துணி போல விழ வேண்டும், முஷ்டி விரிந்திருக்க வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும். அதுவரை பொறுக்கலாம். இத்தனை சீக்கிரம் எழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: வயிற்றில் சிக்கிய காற்று, அல்லது திடுக்கிடல். கை இரண்டையும் விரித்து உதறிக்கொண்டு தூக்கிவாரிப்போடும் அந்த அனிச்சைச் செயலுக்கு மோரோ என்று பெயர், பிறந்ததிலிருந்து இருக்கும், 3 முதல் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும்.

30 முதல் 50 நிமிடத்தில் எழுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நமக்கு அது ஒன்றரை மணி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாரும் லேசாக விழிக்கிறோம், புரண்டு படுத்து அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறோம், காலையில் நினைவுகூட இருக்காது. இரவில் குழந்தைக்கும் இது கொஞ்சம் சுலபம், நாள் முழுக்கச் சேர்ந்த அசதி இருக்கிறது, இருட்டு இருக்கிறது, இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு, தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பும் துணைக்கு வருகிறது. பகலில் இவை எல்லாமே குறைவு. அதனால்தான் இரவில் நன்றாகத் தூங்கும் அதே குழந்தை பகலில் ஒரே சுற்றோடு எழுந்து அழுகிறது. பல குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு மாத வாக்கில் பகல் தூக்கம் தானாகவே நீள ஆரம்பிக்கும். மூன்று மாதக் குழந்தை நாற்பது நிமிடம்தான் தூங்குகிறது என்று யாராவது உங்களுக்குப் பயிற்சி வகுப்பு விற்க வந்தால், இன்னும் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டு அழுதால் பசியை முதலில் பாருங்கள், டயப்பரை அடுத்து.

தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

இங்கேதான் உண்மையில் மாற்றக்கூடியது அதிகம். குழந்தை எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம் என்பதற்குத் தோராயமான கணக்கு ஒன்று பெற்றோர் மத்தியில் புழங்குகிறது. முதல் சில வாரங்களில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி, மூன்று நான்கு மாதத்தில் ஒன்றே கால் மணியிலிருந்து இரண்டு மணி, ஆறு மாதத்தில் இரண்டிலிருந்து மூன்று மணி. பால் குடிக்கும் நேரம், டயப்பர் மாற்றும் நேரம் எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம், பலரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.

ஆனால் இது சட்டம் இல்லை. முந்தைய தூக்கம் அரைகுறையாக இருந்தால் அடுத்த விழிப்பு நேரம் சுருங்கும். இந்த எண்களை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தூக்கம் வருவதன் முதல் அறிகுறிகள் ரொம்பச் சின்னவை: பார்வை எங்கோ நிலைக்கும், புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும், கை கால் ஆட்டம் குறையும், நீங்கள் சிரித்துக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகத்தைத் திருப்பினால் 'இங்கே பாரு, இங்கே பாரு' என்று கிலுகிலுப்பையை ஆட்டுவோம் அல்லவா, அங்கேதான் நேரம் தவறுகிறது. கண்ணைக் கசக்கி, முதுகை வளைத்து, காரணமில்லாமல் அழத் தொடங்கினால் அது கடைசி அறிகுறி, ஏற்கெனவே தாமதம்.

தாமதமாகப் படுத்ததா, சீக்கிரமாகப் படுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாமதமானால் தூங்கும்போதே ஒரு யுத்தம் நடக்கும், வீறிட்டு அழுது, அழுத வேகத்திலேயே சட்டென்று தூங்கி, அரை மணியில் அதே வீறிடலோடு எழும். அசதி அதிகமானால் நன்றாகத் தூங்க வேண்டுமே என்று நமக்குத் தோன்றும், ஆனால் குழந்தைகளிடம் அப்படி நடப்பதில்லை. சீக்கிரமாகிவிட்டால் கட்டிலில் கிடந்து விளையாடும், நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு மேலோட்டமாகத் தூங்கும், எழும்போது அழுதாலும் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் 10 அல்லது 15 நிமிடம் மட்டும் நகர்த்திப் பாருங்கள், இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் நான்கு விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த பரிந்துரையில், 3 மாதம் வரை ஒரு நாளுக்கு 14 முதல் 17 மணி, 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி, பகல் தூக்கமும் சேர்த்து, என்று இருக்கிறது. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். உங்கள் குழந்தை குறைவாகத் தூங்கும் வகையாக இருக்கலாம்.

அடுத்து, எப்படித் தூங்கியது என்பது. தோளில், ஆட்டத்தில், உங்கள் வாசனையில் தூங்கிய குழந்தை அடுத்த சுற்றில் கண் திறந்தால் ஆடாத ஒரு கட்டிலில் தனியாகக் கிடக்கிறது. நாம் நம் படுக்கையில் தூங்கி நடுத்தெருவில் விழித்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அதுவும் செய்கிறது. தாமஸ் ஆண்டர்ஸ் என்ற மனநல மருத்துவர் 1970-களில் குழந்தைகளின் இரவுத் தூக்கத்தை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார், நன்றாகத் தூங்குகிறது என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இரவில் விழிக்கத்தான் செய்தார்கள், சத்தம் போடாமல் திரும்பத் தூங்கிவிட்டார்கள். விழிப்பதைத் தடுக்க முடியாது. விழிக்கும்போது பழகிய இடத்திலேயே இருப்பது போல் செய்ய முயலலாம்.

அதற்காக ஆட்டித் தூங்கவைப்பதை இன்றோடு நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு ஒரே ஒரு தூக்கத்தில், எல்லாரும் தெம்பாக இருக்கும் காலைத் தூக்கத்தில், கண் சொருகி இன்னும் முழுதாக மூடாத நிலையில் படுக்க வைத்து, கையை மார்பில் வைத்துத் தட்டிப் பாருங்கள். தூங்கினால் நல்லது. அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். நான்கு மாதத்துக்குக் கீழே இதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

வயிறு

தூக்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் பசியை ஒதுக்க முடியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும், அதன் வயிறு அவ்வளவுதான். கடைசியாகக் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது, வாயைத் திருப்பித் தேடுகிறது, கையைச் சப்புகிறது என்றால் யோசிக்காமல் கொடுங்கள். தாய்ப்பாலோ பாட்டிலோ, விழுங்கும் சத்தம் தொடர்ந்து கேட்டால் பசி உண்மை. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் கண் சொருகினால் அதற்கு வேண்டியிருந்தது தூக்கம். பால் ஒரு சாக்கு. வளர்ச்சி வேகமெடுக்கும் நாட்களில் திடீரென்று எல்லாத் தூக்கமும் பசியில் முடியும், அதுவும் சில நாளில் தணியும்.

குடித்த கையோடு படுக்க வைத்தால் காற்றும் பாலும் மேலே வரும். ஏப்பம் வரவைத்து, கால் மணி போல நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுப் படுக்க வையுங்கள். கக்குவது இந்த வயதில் சகஜம், நான்காவது மாத வாக்கில் உச்சத்துக்குப் போய் ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். மல்லாக்கப் படுத்ததும் முதுகை வில்லாக வளைத்து அழுவது, பால் குடிக்கவே மறுப்பது, எடை ஏறாமல் இருப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் எதுக்களிப்பு தொந்தரவு தருகிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எதுக்களிக்கிறது என்பதற்காகத் தலைக்கு அடியில் தலையணை வைப்பதோ குப்புறப் போடுவதோ கூடாது.

அறையும் படுக்கையும்

பகல் தூக்கத்துக்கு அறை மங்கலாக இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போவது சுலபம். பிறந்த முதல் வாரங்களில் இரவு பகல் குழம்பியிருக்கும்போது மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்திருங்கள். கதவுச் சத்தம், பாத்திரச் சத்தம் சுற்றின் முடிவில் கலைத்துவிடும் என்றால் மின்விசிறி மாதிரி ஒரே சீரான இரைச்சல் உதவும். அதற்கென்று இருக்கும் கருவியை வாங்கினால் கட்டிலிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வையுங்கள், சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். சில கருவிகள் முழுச் சத்தத்தில் குழந்தையின் காதுக்கு ஆபத்தான அளவுக்குப் போகின்றன. சூடாக இருக்கிறதா என்று கையையோ காலையோ தொட்டுப் பார்க்காதீர்கள், அவை பெரும்பாலும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்கலாம்.

துணியில் சுற்றுவது திடுக்கிடலுக்கு நல்ல மருந்து. மார்புப் பக்கம் இறுக்கமில்லாமல் இரண்டு விரல் நுழைய வேண்டும், இடுப்பும் கால்களும் மடங்கி விரிய இடம் வேண்டும். புரள்வதற்கு முயற்சி செய்வது தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

தூக்கம் நீளும் என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில: ஒவ்வொரு முறையும் மல்லாக்கத்தான், பகல் தூக்கத்துக்கும். மெத்தை உறுதியாக, சமதளமாக இருக்க வேண்டும். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். கார் இருக்கையிலோ சாய்வான ஊஞ்சல் நாற்காலியிலோ தூங்கிவிட்டால், போய்ச் சேர்ந்ததும் எடுத்துப் படுக்கையில் போட்டுவிடுங்கள். தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுப் பாதை அடைபடும். குழந்தை எழுந்து அழுமே என்று அப்படியே விடத் தோன்றும். அழட்டும்.

உங்கள் மேல் மட்டும்தான் தூங்குகிறது, கீழே வைத்தால் எழுகிறது என்றால், ஒரு தூக்கத்தை அப்படியே உங்கள் மேல் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. நீங்கள் விழித்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. கண் சொக்குகிறது என்று தெரிந்தால், அது எழுந்து அழுதாலும் பரவாயில்லை, கட்டிலில் வைத்துவிடுங்கள்.

உங்களால் முடியாத நேரத்தில்

குழந்தைகளின் அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். அந்த உச்சத்தில், மூன்றாவது தூக்கமும் அழுகையில் முடிந்த ஒரு பிற்பகலில், உங்களுக்கே பல்லைக் கடிக்கத் தோன்றும். தோன்றாதவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்போது குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஐந்து பத்து நிமிடம் வேறு அறையில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். பத்திரமான இடத்தில் அழும் குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எந்தக் கோபத்திலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, சில நொடிகள் போதும் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், தாத்தா பாட்டி உட்பட. வாரக்கணக்கில் மனது இருண்டே கிடக்கிறது, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

எப்போது மருத்துவரிடம்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே போக வேண்டும், காலை வரை காத்திருக்க வேண்டாம். வழக்கமான அழுகையாக இல்லாமல் கீச்சென்றோ ஈனமாகவோ அழுவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், மூச்சுவிடத் திணறல், சிறுநீர் போவது வெகுவாகக் குறைவது ஆகியவையும் அப்படித்தான். நேற்றுவரை நன்றாகத் தூங்கிய குழந்தை சளி பிடித்த பிறகு படுக்க வைத்தாலே வீறிட்டு, நிமிர்த்தித் தூக்கினால் அடங்கினால் காதில் தொற்று இருக்கலாம். படுக்கும்போதுதான் அந்த வலி கூடும். காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, தூக்கம் வந்தாலும் பல குழந்தைகள் காதை இழுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது நான்கைந்து நாள் குறிப்பு இருந்தால் பேசுவது சுலபம். போனிலேயே போட்டுக்கொள்ளலாம்: எப்போது எழுந்தது, எப்போது தூங்கியது, எத்தனை நிமிடம், எழுந்தபோது அழுகையா இல்லையா, பத்து நிமிடம் கழித்து முகம் எப்படி, கடைசியாகப் பால் எப்போது. எதற்கும் இதை எழுதிப் பார்த்தால் பல நேரம் மருத்துவருக்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும், உதாரணமாக இரண்டாவது தூக்கத்துக்கு மட்டும்தான் அழுகிறது, அதற்கு முன்னால் மட்டும்தான் விழிப்பு நேரம் இரண்டரை மணியைத் தாண்டுகிறது என்று.

ஆறு மாதம் தாண்டிய பிறகு

இந்த வயதில் தூக்கம் சீரான பின்பும் திடீரென்று அழுதுகொண்டே எழ ஆரம்பிக்கும், காரணம் வேறு. ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள், கண்ணில் படாத ஆளும் எங்கோ இருக்கிறார் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது, அதனாலேயே பிரிவும் உறைக்கத் தொடங்குகிறது. எழுந்ததும் ஆளைத் தேடும், காணவில்லை என்றால் அழும். இதற்குக் கட்டில் பக்கத்தில் போய் நிற்பதற்கு முன்பே, வரும் வழியிலிருந்தே குரல் கொடுங்கள். பகலில் துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை நிறைய ஆடுங்கள். தூங்கிய பிறகு சொல்லாமல் நழுவுவதைவிட, கண் மூடுவதற்கு முன் ஒரே மாதிரி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போவது நல்லது. எழுந்து உட்காரவோ கம்பியைப் பிடித்து நிற்கவோ புதிதாகக் கற்ற குழந்தை அரைத்தூக்கத்தில் எழுந்து நின்றுவிட்டு உட்காரத் தெரியாமல் அழும். அதற்குப் பகலில் உட்காரச் சொல்லிக் கொடுப்பதுதான் வழி: நின்றுகொண்டிருக்கும்போது இடுப்பைப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒரு நாளைக்குப் பல முறை.